பத்து ரூபாய் ஸ்டாம்பும் இருபத்தொன்பதாம் நாள் கடிதமும்

தெருவில் தார் போட்டு ஆறு மாதம் ஆகவில்லை. அதற்குள் ஜல்லி பெயர்ந்துவிட்டது. வேலைக்கு மதிப்பீடு எவ்வளவு, ஒப்பந்தம் யாருக்கு, எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று எழுதி பில் பாஸ் பண்ணினார்கள்? திருநெல்வேலி தச்சநல்லூரில் குடியிருக்கும் ஒருவருக்கு இந்தச் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு இன்று வழி இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், ஒரு தபால் உறை. தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி முப்பது நாளுக்குள் பதில் வந்தாக வேண்டும்.

ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி எதுவானாலும் சரி, தமிழ்நாட்டில் மனுப் போட்டுப் பழகியவர்களிடம் பேசிப் பாருங்கள். முப்பது நாள் முடியப்போகிற நேரத்தில் வந்து சேர்ந்த கடிதத்தைப் பற்றிச் சொல்வார்கள். "தாங்கள் கோரியுள்ள ஆவணங்கள் 412 பக்கங்கள் உள்ளன. பக்கம் ஒன்றுக்கு ரூ.2 வீதம் ரூ.824 செலுத்தும்பட்சத்தில் நகல்கள் வழங்கப்படும்" என்கிற தோரணையில் அது இருக்கும். கடிதத்தின் தலைப்பில் ஒரு தேதி. உறையின் மேல் தபால் முத்திரையில் வேறொரு தேதி. உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டவர் பாதி வழக்கைத் தோற்றவர். அனுபவப்பட்டவர்கள் கடிதத்தைப் படிக்கும் முன் உறையைப் பத்திரப்படுத்துவார்கள்.

எண்ணூறு ரூபாய்க்கு இவ்வளவு மல்லுக்கட்டா என்று கேட்கலாம். பணம் ஒரு சாக்கு என்பதுதான் என் எண்ணம். முன்பு கட்டணத்தின் அளவு ஆளைத் தடுத்தது. இப்போது அதைக் கேட்கிற நேரமும், எத்தனை பக்கம் என்று எண்ணுகிற கையும் தடுக்கின்றன. இந்த மாற்றம் எப்படி வந்தது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஊர்க் கணக்கு கர்ணம் வீட்டில் இருந்த காலம் ஒன்று உண்டு. அடங்கல், சிட்டா, 'அ' பதிவேடு எல்லாம் அவர் பெட்டிக்குள். கோடகன் காலோ நெல்லைக் காலோ பாளையங்காலோ, எந்தக் கால்வாயில் தண்ணீர் பாய்கிற வயலானாலும், அது யார் பெயரில் இருக்கிறது, நன்செய்யா புன்செய்யா, தீர்வை எவ்வளவு என்பதை அந்த ஏடு சொல்ல வேண்டும். ஏட்டைத் திறந்து பார்க்கச் சட்டப்படி என்ன கட்டணம் என்று யாரும் கேட்டதில்லை. பிசானம் அறுத்ததும் நெல்லாகவோ, அவசரத்துக்குக் காசாகவோ போய்ச் சேரும். ரசீது கிடையாது. 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. ஏடுகள் கிராம நிர்வாக அலுவலரிடம் போயின. திறக்கிற வழக்கம் உடனே மாறிவிடவில்லை.

அரசாங்கமே கட்டணம் வாங்கிக்கொண்டு நகல் கொடுப்பதும் பழைய ஏற்பாடுதான். 1872-ஆம் வருடத்து இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 76-வது பிரிவு, பொது ஆவணத்தைப் பார்வையிட உரிமையுள்ள எவருக்கும் சட்டப்படியான கட்டணத்தை வாங்கிக்கொண்டு சான்றிட்ட நகல் தர வேண்டும் என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய சாட்சியச் சட்டத்திலும் அதே ஏற்பாடு தொடர்கிறது. ஜெராக்ஸ் வராத காலத்தில் நகல் எழுத்தர் உட்கார்ந்து கையால் எழுதுவார். கடைசிப் பக்கத்தில் எழுதியவர் ஒரு கையொப்பமும் ஒப்பிட்டுப் பார்த்தவர் ஒரு கையொப்பமும் போடுவார்கள். அந்த உழைப்புக்குக் கூலி வாங்கியதில் நியாயம் உண்டு. சிக்கல் "பார்வையிட உரிமையுள்ளவர்" என்ற சொற்களில் இருந்தது. என் வயலின் பட்டாவுக்கு எனக்கு உரிமை உண்டு. என் தெருவுக்குப் போட்ட ரோட்டின் பில்லுக்கு? அதைக் கேட்க நீ யார் என்றுதான் கேள்வி வரும். அதற்குமேல் 1923-ஆம் வருடத்து அலுவலக ரகசியச் சட்டம் வேறு தலைக்குமேல் இருந்தது.

இந்த ஊரில் கட்டணம் என்றாலே எனக்கு ஒரு பாலம் நினைவுக்கு வரும். தச்சநல்லூரிலிருந்து கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறவர் ஜங்ஷன் தாண்டி ஆற்றைக் கடப்பது சுலோச்சன முதலியார் பாலத்தில். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்தவர் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டி, 1843-ல் திறந்த பாலம் அது. ஆற்றைக் கடக்கிற ஜனங்களிடம் சுங்கம் வாங்கக் கூடாது என்பதற்காகத்தான் மொத்தச் செலவையும் அவர் ஏற்றுக்கொண்டார் என்று ஊரில் சொல்வார்கள். கணக்கு எழுதுகிற வேலையில் இருந்த மனிதர். சின்னக் கட்டணம் யார் கையைக் கடிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

தச்சநல்லூர் 1994 வரை பேரூராட்சி. அந்த ஆண்டு திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளோடு இதையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். பேரூராட்சி மன்றம் போய் மண்டல அலுவலகம் வந்தது. இன்று நான்கு மண்டலம், 55 வார்டு. மாநகராட்சி ஆனதில் ஊருக்குப் பெருமை இருந்தது, வரியும் ஏறியது. ஒரு விஷயம் மட்டும் அதிகம் பேசப்படாமல் நடந்தது: கணக்கு ஊரைவிட்டுப் போனது. பேரூராட்சியாக இருந்தபோது தெருவிளக்குக்கு எத்தனை பல்பு வாங்கினார்கள் என்பதைத் தலைவரை டீக்கடையில் மறித்தே கேட்கலாம். சொல்வாரா மாட்டாரா என்பது வேறு. இப்போது மண்டல அலுவலகத்தில் கேட்டால் கோப்பு மெயின் ஆபீசில் இருக்கிறது என்பார்கள். எஸ்.என். ஹைரோட்டில் இருக்கிற மெயின் ஆபீசில் கேட்டால், அது மண்டலத்துக் கோப்பு என்று திருப்பிவிடவும் கூடும்.

அதே 1994-ல் ராஜஸ்தானில் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. அருணா ராய் முதலானோரின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு கிராமம் கிராமமாக மக்கள் விசாரணைக் கூட்டம் போட்டது. ஊராட்சியின் பில், வவுச்சர், மஸ்டர் ரோல் என்ற கூலிப் பட்டியல் ஆகியவற்றை உரக்கப் படித்து, இந்தக் கூலியை நீ வாங்கினாயா என்று பேர்சொல்லிக் கேட்டார்கள். இறந்துபோனவர் பெயரிலும் கூலி எழுதியிருந்தது வெளியே வந்தது. 1995-ல் அந்த மாநில முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத், உள்ளூர் வேலைகளின் ஆவணங்களைக் கட்டணம் செலுத்தி யாரும் நகல் வாங்கலாம் என்று சட்டசபையில் அறிவித்தார். ஒரு வருடம் கழித்து வந்த உத்தரவைப் பார்த்தால், பார்க்கலாம், கையால் குறித்துக்கொள்ளலாம், நகல் எடுக்க முடியாது. அதை எதிர்த்துத்தான் 1996-ல் பியாவரில் நாற்பது நாள் உட்கார்ந்தார்கள். நாடு முழுவதும் தகவல் உரிமைச் சட்டம் வருவதற்கு விதை போட்ட போராட்டம் ஜெராக்ஸ் பக்கத்துக்காக நடந்தது. பணம் கொடுக்கத் தயாராக வந்தவர்களிடமிருந்து பணத்தை வாங்க அரசு தயாராக இல்லை என்பதைக் கவனியுங்கள்.

தமிழ்நாடு அதற்குள் முந்திக்கொண்டது. 1997-ல் இந்தியாவிலேயே முதல் மாநிலமாகத் தகவல் உரிமைக்குச் சட்டம் போட்டது. பெருமைக்குரியதுதான், ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட விலக்குகள், தராதவருக்குத் தண்டனை இல்லை. சட்டம் இருந்தது தெரியாமலே பலர் அந்தக் காலத்தைக் கடந்துவிட்டார்கள்.

மத்தியச் சட்டம் 2005 அக்டோபர் 12-ல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கட்டணத்தை அந்தந்த மாநிலமே விதி போட்டு முடிவு செய்துகொள்ளலாம். மத்திய அரசு பத்து ரூபாய் என்றது. தமிழ்நாடு ஐம்பது ரூபாய் வைத்தது. ஐம்பது ரூபாய் அன்றைக்கு என்ன பெறும்? 2006-ல் ஊரக வேலைத் திட்டம் தொடங்கியபோது இங்கே நாள் கூலி 80 ரூபாய். வேலை அட்டையில் என் பெயருக்கு எதிரே எத்தனை நாள் எழுதியிருக்கிறது என்று கேட்க ஒரு நாள் கூலியில் பாதிக்கு மேல் போய்விடும், கேள்வி கேட்டதற்கு மட்டுமே. எதிர்ப்புக் கிளம்பி, 2006-ல் அதைப் பத்து ரூபாயாகக் குறைத்தார்கள். பக்கத்துக்கு 2 ரூபாய் என்றும் இருக்கிறது. இந்த இரண்டு தொகையும் அதன்பிறகு ஏறவே இல்லை. டீ ஏறிவிட்டது, பஸ் டிக்கெட் ஏறிவிட்டது, ஜெராக்ஸ் கடைக்காரரும் ஏற்றிவிட்டார். இது மட்டும் அப்படியே நிற்கிறது. அரசைப் பாராட்டத்தான் வேண்டும்.

பத்து ரூபாயை எப்படிக் கொடுப்பது என்பதில் ஒரு தலைவலி ஆரம்பத்திலேயே வந்தது. மாநில விதியில் ரொக்கம், டிமாண்ட் டிராஃப்ட், வங்கிக் காசோலை என்று இருந்தது. பத்து ரூபாய்க்கு டிராஃப்ட் எடுக்க வங்கிக் கமிஷன் பத்து ரூபாயைத் தாண்டும். பிறகு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம் என்று வந்தது. அதுவே இன்று நம் ஊர் வழக்கமாகிவிட்டது. மத்திய அரசு அலுவலகமானால் போஸ்டல் ஆர்டர், மாநில அரசு அலுவலகமானால் ஸ்டாம்ப். மாற்றி ஒட்டினால் மனு திரும்பி வரும். தச்சநல்லூர்க்காரர் ஸ்டாம்ப் வாங்கப் பாளையங்கோட்டை கோர்ட் பக்கம் போய்வந்தால் பஸ் செலவு ஸ்டாம்ப் விலையை எட்டிவிடும். 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், மனுப் போடுகிறவர் வீட்டம்மாவை அனுப்பினால் மிச்சம். இப்போது மாநில அரசு இணையவழி மனு வசதியையும் கொண்டுவந்திருக்கிறது. ஆனாலும் வெள்ளைத்தாளில் எழுதி, ஸ்டாம்பை ஒட்டி, ஒப்புகை அட்டையோடு தபாலில் போடுகிறவர்கள் குறையவில்லை. கையில் அத்தாட்சி இருக்க வேண்டும் அவர்களுக்கு. அந்தப் பதிவுத் தபாலையும் 2025-ல் விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள். இன்று பத்து ரூபாய் மனுவில் பெரிய செலவு தபால்தான்.

சரி, அந்த இருபத்தொன்பதாம் நாள் கடிதத்துக்கு வருவோம். சட்டத்தின் 7-வது பிரிவில் மூன்று உட்பிரிவுகளைப் பார்க்க வேண்டும். 7(3): கூடுதல் கட்டணம் வேண்டுமானால் அது எப்படி வந்தது என்று கணக்குக் காட்டி எழுத வேண்டும், அந்தத் தொகையை எதிர்த்து எங்கே மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் அதே கடிதத்தில் சொல்ல வேண்டும். கடிதம் அனுப்பிய நாளிலிருந்து பணம் கட்டிய நாள்வரை முப்பது நாள் கணக்கில் சேராது. 7(5): கட்டணம் நியாயமானதாக இருக்க வேண்டும், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவரிடம் வாங்கக் கூடாது. 7(6): கெடு தாண்டிவிட்டால் தகவலை இலவசமாகத் தர வேண்டும்.

முப்பது நாள் ஓடுகிற கடிகாரத்தை நிறுத்தும் பொத்தான் 7(3)-ல் இருக்கிறது. அதை இருபத்தொன்பதாம் நாள் அழுத்தினால் அலுவலகத்துக்கு நஷ்டம் இல்லை. மனுதாரர் பணம் கட்ட வேண்டும், ரசீதை அனுப்ப வேண்டும்; அதற்கப்புறமே மிச்சமிருக்கும் ஒரு நாள் ஓடத் தொடங்கும். முப்பத்தோராம் நாள் அழுத்தினால் அலுவலகத்துக்கு நஷ்டம்: 412 பக்கமும் இலவசம். தேதிக்கு இத்தனை மரியாதை வந்தது இதனால்தான். கடிதத்தில் இருபத்தெட்டாம் நாள் தேதி போட்டு, முப்பத்து நான்காம் நாள் தபாலில் சேர்த்தால் எது கணக்கு? அனுப்பிய நாள் என்றுதான் சட்டம் சொல்கிறது, எழுதிய நாள் என்று சொல்லவில்லை. மனுதாரர் கையில் உறை இருந்தால் பேசலாம்.

கெடு தாண்டியதால் அலுவலகம் சிக்கிக்கொண்ட கதைகளில் ஒன்று மத்தியப் பிரதேசத்திலிருந்து 2023-ல் வந்தது. கொரோனாக் காலத்தில் வாங்கிய மருந்து, பொருள்கள் பற்றி இந்தூரில் ஒருவர் கேட்டார். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லை. மேல்முறையீட்டில் இலவசமாகக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். கிடைத்தது ஏறத்தாழ 40,000 பக்கம். மனுதாரர் தன் காரில் டிரைவர் சீட் தவிர மற்ற இடமெல்லாம் காகிதத்தை அடுக்கிக் கொண்டுபோனார். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்றால் அரசுக்கு 80,000 ரூபாய் நஷ்டம். செய்தியைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு. நாற்பதாயிரம் பக்கத்தை ஒருவர் எப்போது படித்து முடிப்பார் என்ற கேள்வியும் இருக்கத்தான் செய்கிறது.

நம் பக்கத்தில் சண்டை இத்தனை பெரிதாக இருப்பதில்லை. பெயர் வேண்டாம், தாமிரபரணிக் கரையில் ஓர் உள்ளாட்சி அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் பிரிவு எழுத்தர். இந்தப் பக்கம் ஓய்வுபெற்ற ஒருவர், மஞ்சள் பையோடு.

"அண்ணாச்சி, நானூறு பக்கம் இருக்கு. பணத்தக் கட்டுங்க, எடுத்துத் தாரோம்."

"நான் ஒரு தெருவுக்குத்தான சார் கேட்டேன். நீங்க மண்டலம் பூராவுக்கும்லா எண்ணி வச்சிருக்கீய."

"பைல் ஒண்ணாத்தான் இருக்கு. பிரிக்க முடியாதுல்லா."

"பிரிக்க வேண்டாம். காட்டுங்க, எனக்கு வேண்டிய பக்கத்த நான் சொல்லுதேன்."

"அதுக்கு ஏ.சி. சார் வரணும்."

ஏ.சி. சார் என்றால் உதவி ஆணையாளர். அவர் ஆய்வுக்குப் போயிருப்பார்.

எழுத்தரைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். அவர் மேசையையும் பார்க்க வேண்டும். வரி வசூல் இலக்கு, பிறப்பு இறப்புச் சான்று, திங்கள்கிழமைக் குறைதீர் நாளில் வந்த மனுக்களுக்குப் பதில், இடையில் இதுவும். தனி ஆள் கிடையாது. 2011-ல் உச்ச நீதிமன்றமே, விடைத்தாள் நகல் தொடர்பான வழக்கு ஒன்றில், அரசு ஊழியர்களில் முக்கால்வாசிப் பேர் முக்கால்வாசி நேரத்தைத் தகவல் திரட்டுவதிலேயே கழிக்கும் நிலை நாட்டுக்கு வேண்டாம் என்று சொன்னது. மனுவையே பிழைப்பாக்கி, ஒப்பந்ததாரரிடம் பேரம் பேசுகிறவர்கள் இருப்பதும் ஊருக்குத் தெரிந்த விஷயம். ஆனால் அப்படிப்பட்டவருக்கு 824 ரூபாய் ஒரு பொருட்டே இல்லை. கட்டிவிட்டு வாங்கிப் போய்விடுவார். தயங்கி நிற்பது மஞ்சள் பைக்காரர்தான். கட்டணம் என்ற சல்லடையில் தவறான ஆள்தான் தங்குகிறார்.

ஏழைகளுக்கு விலக்கு உண்டே என்பார்கள். உண்டு. வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயர் இருப்பதற்குச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் ரேஷன் எல்லாருக்கும் பொது. அட்டையில் ஏழை என்று எழுதியிருக்காது. உள்ளாட்சி ஒப்புதல் கொடுத்த பட்டியலின் சான்றிட்ட பிரதியைத்தான் காட்ட வேண்டும். ஆகவே ஊராட்சியைக் கேள்வி கேட்கப் பத்து ரூபாய் விலக்கு வேண்டுகிறவர் முதலில் அதே ஊராட்சியிடம் போய் நிற்க வேண்டும். பேசாமல் ஸ்டாம்ப் ஒட்டிவிடுகிறார்கள்.

நீதிமன்றங்கள் தொகை விஷயத்தில் மனுதாரர் பக்கமே நின்றிருக்கின்றன. அலகாபாத் உயர் நீதிமன்றம் ஒரு காலத்தில் மனுவுக்கு 500 ரூபாய் வைத்திருந்தது. காமன் காஸ் அமைப்பு தொடுத்த வழக்கில் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், விண்ணப்பத்துக்கு 50 ரூபாய்க்கு மேலும் பக்கத்துக்கு 5 ரூபாய்க்கு மேலும் வாங்கக் கூடாது என்று பொதுவாக எல்லை கட்டியது. அடுத்த வருடம், கம்பெனி செக்ரட்டரி தேர்வு எழுதிய ஒருவர் விடைத்தாள் கேட்ட வழக்கு. தேர்வு நடத்திய நிறுவனம் தன் சொந்த விதிப்படி 500 ரூபாய் கேட்டது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் அந்தச் சட்டத்தின் கட்டணம்தான் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. தகவல் தருவதற்கு ஜி.எஸ்.டி. சேர்த்து வாங்கிய கூத்தும் வடக்கே நடந்தது. 2018 ஜனவரியில் அதற்கு விலக்கு அளித்து அறிவிக்கை வந்தது. தொகைக்கு இப்படி வேலி கட்டியாகிவிட்டது. பக்கத்தை எண்ணுகிறவருக்கு வேலி கட்டத் தீர்ப்பு எழுதுவது கஷ்டம்.

மேல்முறையீட்டுக்குத் தமிழ்நாட்டில் கட்டணம் இல்லை. மகாராஷ்டிரத்தில் 20 ரூபாய். முதல் மேல்முறையீடு அதே மாநகராட்சியின் மூத்த அலுவலரிடம். அங்கேயும் ஆகவில்லை என்றால் தொண்ணூறு நாளுக்குள் சென்னையில் மாநிலத் தகவல் ஆணையம். விசாரணை வரக் காத்திருக்க வேண்டும். நேரில் வரச் சொன்னால் நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி, திரும்பி வர ஒரு ராத்திரி. 824 ரூபாயை எதிர்த்து அதைவிடக் கூடுதலாகச் செலவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பிடிவாதம் என்று வீட்டில் சொல்வார்கள். தாமதத்துக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. அதுவும் அலுவலர் தன் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டியது. அலுவலகத்தில் அந்த எண் எல்லாருக்கும் மனப்பாடம். அது விதிக்கப்படுவது அபூர்வம் என்பதும் மனப்பாடம்.

இடையில் ஐந்து வருடத்துக்கும் மேலான ஒரு காலத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. மாநகராட்சிக்கு அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். நடுவே கவுன்சிலர் கிடையாது, மேயர் கிடையாது, மன்றக் கூட்டம் கிடையாது. தனி அலுவலர் ஆட்சி. நெல்லை ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது 2017-ல், சரியாக அந்த இடைவெளியில். பஸ் ஸ்டாண்டை இடிப்பதும் மார்க்கெட்டை மாற்றுவதும் ரோட்டைத் தோண்டுவதுமாக ஊர் முழுக்க வேலை. கேள்வி கேட்க வார்டில் ஆள் இல்லை. அந்தக் காலத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்ப்தான் ஒரு வகையில் கவுன்சிலர். இப்போது கவுன்சிலர் வந்தாயிற்று. அவர்களிலும் தங்கள் வார்டு விவரத்தை வெளியே எடுக்க முடியாமல் இருப்பவர்கள் உண்டு என்று நெல்லையில் அரசியல் பேசுகிறவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

கேட்காமலே கொடுத்த இடத்தில் என்ன நடந்தது என்று பார்ப்பது நல்லது. கர்ணம் பெட்டியில் பூட்டிக்கிடந்த சிட்டாவும் 'அ' பதிவேடும் இன்று வருவாய்த் துறையின் இணையதளத்தில், வீட்டுக்குள் உட்கார்ந்தபடி, இலவசம். பத்திரப்பதிவுத் துறை 2018-ல் புதிய மென்பொருளுக்கு மாறியது. வில்லங்கச் சான்றைக் காசில்லாமல் பார்க்கலாம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்த காலம் போய்விட்டது. தகராறு குறைந்ததா என்றால், கட்டணத் தகராறு இல்லவே இல்லை என்றாகிவிட்டது. கேட்பதற்கே அவசியம் இல்லாதபோது கட்டணம் எங்கிருந்து வரும். ஆனால் எம்-புக் அங்கே இல்லை. டெண்டர் அறிவிப்பை இணையத்தில் பார்க்கலாம். டெண்டர் முடிந்து வேலை நடந்து அளவு எடுத்து எழுதிய பக்கத்தைப் பார்க்க முடியாது. 2022-ல் சொத்து வரியைச் சீரமைத்தபோது வீட்டுக்கு வீடு எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்ற தாளையும் அப்படியே கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. தனியார் நிலத்தின் கணக்கு திறந்து கிடக்கிறது, பொதுத் தெருவின் கணக்குக்கு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டியிருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவு இவற்றைத் தானாகவே வெளியிடச் சொல்லி இருபது வருடம் ஆகிறது.

வெளிநாடுகளையும் பார்க்கலாம். இலங்கையில் 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பக் கட்டணமே கிடையாது. கட்டண அட்டவணையைத் தகவல் ஆணைக்குழுவே வகுத்தது. முதல் நான்கு பக்க நகலும் இலவசம். பிரதேச சபையில் கேட்கிற யாழ்ப்பாணத்துக்காரர் ஸ்டாம்ப் தேடி அலைய வேண்டாம். அயர்லாந்து எதிர்த்திசையில் போய்ப் பார்த்தது: 2003-ல் மனுவுக்கு 15 யூரோ வைத்தார்கள், கோரிக்கைகள் பாதிக்கும் மேல் விழுந்தன, 2014-ல் அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். பதினைந்து யூரோவால் அந்த அரசு பணக்காரன் ஆகவில்லை. கேட்பவர் குறைந்தார், அவ்வளவே.

நம் விதியில் அதிகம் பேர் பயன்படுத்தாத ஒரு வரி இருக்கிறது: ஆவணங்களை நேரில் பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை, அதற்குமேல் கால் மணிக்கு 5 ரூபாய். 412 பக்கக் கோப்பை ஒரு மணி நேரம் புரட்டி, தன் தெருவுக்குரிய பதினொரு பக்கத்தை மட்டும் குறித்துக் கொடுத்தால் நகலுக்கு 22 ரூபாய். மஞ்சள் பைக்காரர் கவுண்ட்டரில் கேட்டது இதைத்தான். கேட்கிறவருக்கு இது நல்லது, எழுத்தருக்கும் நானூறு பக்கம் நகல் எடுக்கிற வேலை மிச்சம். நடைமுறையில் உட்கார நாற்காலி இல்லை, கூட இருக்க ஆள் இல்லை, அதிகாரி இல்லை என்று தட்டிப்போகும். மனுவிலேயே நகலுக்குப் பதிலாகப் பார்வையிட அனுமதி கேட்டு, நாளும் நேரமும் குறிக்கச் சொல்லி எழுதிவிடுகிறவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள்.

அப்படி உட்கார்ந்தவர் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தால் அடுத்த வழக்கு ஆரம்பம். குறிப்பெடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. போட்டோ எடுப்பது குறிப்பா, நகலா? நகல் என்றால் பக்கத்துக்கு 2 ரூபாய் யாருக்கு, அரசின் காகிதமும் மையும் செலவாகவே இல்லையே என்று அவர் கேட்பார். 2005-ல் எழுதிய கட்டண விதியில் பிளாப்பி ஒன்றுக்கு 50 ரூபாய் என்று இருக்கிறது. போனுக்கு ஒன்றும் இல்லை. விதியில் இல்லாததற்குக் காசு வாங்க முடியாது என்பது மனுதாரர் கட்சி. விதியில் இல்லாததை அனுமதிக்க முடியாது என்பது அலுவலகத்தின் கட்சி. அந்த விதியைத் திருத்த அரசுக்கு ஒரு பக்கம் போதும்.